வேறொரு பெட்டியின் ரிலே

மெக்கானிக்கின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கருகிய ரிலே இருக்கும். தீப்பெட்டியில் பாதி அளவுள்ள கறுப்புத் துண்டு. ஒரு மூலை உருகி வழிந்திருக்கும், பித்தளைக் காலில் ஒன்று பச்சை பூத்திருக்கும். மோந்து பார்த்தால் எரிந்த வாடை இன்னும் லேசாக வரும். எந்த வீட்டு ஃப்ரிட்ஜில் எரிந்தது என்பது அவருக்கே மறந்துவிட்டது. எரிந்து பதினாலு வருஷம் ஆகிறது.

ரிலே செய்கிற வேலை சின்னதுதான். ஃப்ரிட்ஜின் அடியில், பின்பக்கம், கவிழ்த்த பானை மாதிரி உட்கார்ந்திருக்கிற கம்ப்ரஸருக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பத்தான் அதற்குத் தெம்பு போதாது. நின்றுபோன காரை நாலு பேர் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுபோல, ரிலே ஒரு நொடி கூடுதல் மின்சாரம் கொடுத்துத் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அது எரிந்தால் மோட்டார் கிளம்பாது, ‘ம்ம்’ என்று முனகிவிட்டு அடங்கிவிடும்.

ஆனால் பத்துப் பெட்டியில் ஒன்றில்தான் ரிலே போகும். மெக்கானிக் ஃப்ரிட்ஜைப் பெட்டி என்றுதான் சொல்வார். அவரைக் கூப்பிடுகிற வீடுகளில் பாதிக்குமேல் பெட்டியில் கோளாறே இருக்காது, வைத்த இடத்தில்தான் கோளாறு. ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குகிறது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை வாரி எடுத்துக்கொண்டு போய், முதுகில் இருக்கிற குழாய் வழியாக வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். முதுகைச் சுவரோடு ஒட்டிவைத்தால் கொட்ட இடமிருக்காது. கொட்டாத சூடு உள்ளேயே தங்கும், பால் திரியும், மோட்டார் நாள் முழுக்க ஓடும். சுவரைவிட்டு ஒரு சாண் முன்னால் இழுத்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்த புதிதில் அவர் அதைத்தான் செய்தார். இழுத்துவைத்துவிட்டு, எதனால் இழுத்துவைத்தார் என்பதையும் நின்று நிதானமாக விளக்குவார். கேட்டுவிட்டு, “அவ்ளோதானா? இதுக்கா உங்கள வரச் சொன்னோம்?” என்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்கும். ஒரு வீட்டில் பஸ் காசு கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில், அவர் காதில் விழும்படியே, “நாமளே நகத்தியிருக்கலாம்” என்று புருஷன் பெண்டாட்டியிடம் சொன்னான். அரை நாள் வேலை போன மூன்றாவது தடவைதான் ரிலே பைக்குள் வந்தது.

பின்பக்கம் உட்கார்ந்து நாலு திருகைக் கழற்றுவார். நல்ல ரிலேயைப் பிடுங்கித் துடைத்து, அதையே திரும்பப் பொருத்துவார். எழுந்திருக்கும்போது கருகினது உள்ளங்கையில் இருக்கும். “ரிலேம்மா. பாருங்க, எப்படிக் கருகியிருக்குன்னு.” அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். உங்கள் பெட்டியிலிருந்து எடுத்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் தான் பொய் சொல்வதில்லை என்று அவருக்கு ஒரு திருப்தி. அவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எண்ணூறு, ஆயிரம் என்று முகம் கோணாமல் கொடுப்பார்கள். போகிற போக்கில், “செவுத்த விட்டு ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்மா” என்று மெய்யான வைத்தியத்தை இலவசமாகச் சொல்லிவிட்டு வருவார்.

ஐம்பத்திரண்டாவது வயதில் வலது தோள் பேச ஆரம்பித்தது. முப்பது வருஷம் மாடிப்படியில் பெட்டி தூக்கின தோள். சட்டை போடக் கையைப் பின்னால் கொண்டுபோனால் உள்ளே ஏதோ கயிறு இழுபட்டது. வெயில் காலம் வேறு. எல்லார் வீட்டுப் பெட்டியும் ஒரே நேரத்தில் மக்கர் பண்ணுகிற மூன்று மாதம். அவர் வருஷத்துக்குச் சம்பாதிப்பதே அந்த மூன்று மாதத்தில்தான்.

மனைவி வாசல் அறையில் தையல் மெஷின் போட்டு, பாவாடை ஓரம் அடிப்பதும் ஜிப் மாற்றுவதுமாக இருந்தாள். சாயங்காலம் வெந்நீர்ப் பையை அவர் தோளில் வைத்து அமுக்கிக்கொண்டே கேட்டாள்.

“இந்தத் தோளு இன்னும் எத்தனை வருஷம் வரும்?”

“அத என்னக் கேட்டா?”

“அப்ப அதுகிட்டயே கேளுங்க. அதான பேசுதுன்னு சொன்னீங்க.”

“பையன் இருக்கான்.”

“பையன் இருக்கான். அவன் பொண்டாட்டி இருக்கா. அவங்க வீட்டுக் கடன் இருக்கு. போன தடவ வந்தப்ப, ‘அப்பா, நான் பாத்துக்க மாட்டேனா’ன்னான். சொல்லும்போது செல்போனத்தான் பாத்துட்டிருந்தான்.”

அவர்களிடம் எட்டு லட்சம் இருந்தது. அவருடைய பங்குக்கு வந்த நிலத்தை விற்றது பாதி, சேர்த்தது பாதி. பாங்கில் சும்மா கிடந்தது. அதை எப்படி மாதாமாதம் வருகிற காசாக மாற்றுவது என்பதுதான் கேள்வி. அது தப்பிப்போனால் இரண்டாவது எட்டு லட்சம் கிடையாது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அந்த வாரமே மருந்துக்கடை மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு அறை உள்ள ஆபீஸ். வாசலில் ‘நிதி ஆலோசனை’ என்று பலகை. அதன் கீழே சின்ன எழுத்தில் ‘கமிஷன் வாங்குவதில்லை, கட்டணம் மட்டும்’. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “தண்ணி கூட சில்லுன்னு ஆக மாட்டேங்குது” என்றாள். மூலையில் சின்னப் பெட்டி, முதுகு சுவரோடு ஒட்டிக் கிடந்தது. மெக்கானிக் திருகைக் கழற்றினார். எழுந்தார். உள்ளங்கையைக் காட்டினார். ஆயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டார்.

வாங்கின கையோடு, “மேடம், ஒரு சந்தேகம். இந்த வயசுல பென்ஷனுக்குக் கட்ட ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டார்.

“உக்காருங்க. எந்த வயசுல?”

“அம்பத்திரெண்டு.”

“லேட்டுதான். ஆனா பஸ் போயிடல. உங்களுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கா? கடன்? ஒரு வருஷம் வேலை இல்லேன்னா எதுல சாப்பிடுவீங்க?”

தன் முதுகுப் பலகையைக் கழற்றுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் கழற்றுகிற விதம் பிடித்திருந்தது. ஒரு தாளை இழுத்து இரண்டு தொட்டி வரைந்தாள். “பென்ஷன்னா ரெண்டு வேலை. இந்தத் தொட்டிய ரொப்புறது ஒரு வேலை. ரொப்பினதுல இருந்து கடைசி வரைக்கும் சொட்டுச் சொட்டா விடுறது இன்னொரு வேலை. இருபத்தஞ்சு வயசுல ஆரம்பிச்சவனுக்கு வட்டியே பாதி ரொப்பிடும். உங்களுக்கு வட்டிக்கு நேரம் கம்மி. நீங்கதான் ரொப்பணும். அதனால ஓட்டை எதுவும் இருக்கக் கூடாது. விக்கிறவங்க எடுக்கிற கமிஷன் ஒரு ஓட்டை. பாதியில நிறுத்தினா பிடிச்சுக்கிற பணம் ஒரு ஓட்டை. முழுசையும் போய் ஒரே இடத்துல பூட்டிட்டு, உடம்புக்கு வந்தா கடன் வாங்குறது எல்லாத்தையும் விடப் பெரிய ஓட்டை.”

“அப்ப எதுல போடலாம்?”

“உங்க கணக்கு மொத்தமும் பாத்து எழுதித் தரேன். என்ன வாங்கணும், என்ன வாங்கக் கூடாது, ரெண்டும் இருக்கும். ஐயாயிரம்.”

“எதுக்கு?”

“எழுதித் தர்றதுக்கு.”

மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்தார். இரண்டு தொட்டி, நாலு அம்புக்குறி. வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார்.

“குடுத்துட்டு வந்திருக்கலாம்ல?” என்றாள் மனைவி.

“ஐயாயிரம்! ஒரு பொருள் கைக்கு வருதா? வெறும் பேச்சு. வாங்காதன்னு சொல்றதுக்கும் சேத்துக் காசாம்.”

“நீங்க தள்ளி வைங்கன்னு சொன்னதும் பேச்சுதான். அதுக்கு அவங்க தண்ணி குடுத்தாங்கன்னு பதினாலு வருஷமா மூக்கால அழுறீங்க. என்னையே பாருங்க. ஜிப்போட ஸ்லைடரக் குறடால ஒரு அமுக்கு அமுக்கினா போதும், புது ஜிப் வேணாம். பத்துக் கேட்டா, ‘அமுக்குனதுக்குப் பத்தா’ன்னு மூஞ்சியத் தூக்குறாளுக. நாமளும் அந்த அம்மாகிட்ட அப்படித்தான பண்றோம்?”

“அது வேற, இது வேற.”

“எது வேற?”

“சகலைகிட்ட கேப்போம். அவரு சும்மாவே சொல்லுவாரு” என்றார்.

சகலை, அதாவது மனைவியின் அக்காள் புருஷன், முப்பத்துமூன்று வருஷம் அரசாங்க ஆபீஸில் ஃபைல் நகர்த்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு ஏஜெண்டாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். சோறும் கீரையும் போட்டதை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்து, சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு, சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்தார். பாங்கு பாஸ்புக்.

“சகலை, இதப் பாருங்க. ஒண்ணாம் தேதி. விழுந்திருக்கா? அதுக்கு முந்தின மாசம் பாருங்க. ஒண்ணாம் தேதி. நான் தூங்கிட்டிருந்தாலும் விழும், ஆஸ்பத்திரியில கெடந்தாலும் விழும். ஆம்பளைக்கு வயசானப்புறம் மரியாதை எங்கேந்து வருதுங்கிறீங்க? இங்கேந்து வருது.”

மெக்கானிக் பக்கத்தைப் புரட்டினார். வரிசையாக ஒன்றாம் தேதிகள். ஒரே தொகை, ஒரே முத்திரை, நூல் பிடித்த மாதிரி. கையில் பிடித்துப் பார்க்கிற பொருள்.

“வருஷத்துக்கு ரெண்டு லட்சம். அஞ்சே வருஷம். அறுபதுலேந்து உங்களுக்கு மாசாமாசம். உங்களுக்கப்புறம் கொழுந்தியாளுக்கு.”

“நடுவுல முடியலேன்னா, அத்தான்?” என்று மனைவி கேட்டாள்.

“முடியாம என்ன? எட்டு வச்சிருக்கீங்க. மீதி ரெண்ட அஞ்சு வருஷத்துல சம்பாதிக்க மாட்டாரா உன் புருஷன்?”

“மருந்துக்கடை மாடியில ஒரு அம்மா ஐயாயிரம் கேட்டாங்க” என்றார் மெக்கானிக், புகார் சொல்வதுபோல.

சகலை வாய்விட்டுச் சிரித்தார். “யோசனைக்கா? நம்மகிட்ட ஒரு பைசா கிடையாது சகலை. சொந்தத்துக்குள்ள காசு வாங்குவனா?”

கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். பதினோரு புள்ளி. மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே, ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த மாதம் சகலை வீட்டுக்கு இரட்டைக் கதவுப் பெட்டி ஒன்று வந்தது. வைத்துக்கொடுக்க மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டார். மெக்கானிக் போய், சுவரைவிட்டுச் சரியாக ஒரு சாண் தள்ளிவைத்துவிட்டு, காசு வாங்காமல் வந்தார். சொந்தத்துக்குள் எப்படி வாங்குவது?

பத்து மாதம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்துப் பெரிய பெட்டியைப் படியில் இறக்கும்போது தோள் அறுந்தது. சத்தம் அவருக்கே கேட்டது. ஈரத்துணியைக் கிழிக்கிற சத்தம். கூட வந்தவன் பிடித்திருக்காவிட்டால் பெட்டி அவர் மேல் வந்திருக்கும். ஆபரேஷன், மூன்று நாள் படுக்கை, நாலு மாதம் கையைக் கட்டித் தொங்கவிட்டது என்று மூன்று லட்சம் போயிற்று. நடுவில் வெயில் காலமும் போயிற்று. போன் அடித்துக்கொண்டே இருக்கும். மனைவி எடுத்து, “இல்லீங்க, அவருக்குக் கை சரியில்ல” என்று ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை சொல்வாள். அந்த வெயிலில் கேஸ் தீர்ந்த பெட்டி எத்தனை, முதுகு ஒட்டின பெட்டி எத்தனை என்று அவர் கட்டிலில் படுத்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டாவது வருஷத் தவணைக்கு நோட்டீஸ் வந்தது. அவர் கையைக் கட்டித் தொங்கவிட்டபடியே, இருவரும் சகலை வீட்டுக்குப் போனார்கள்.

“எல்லாம் நல்லபடியா ஆகும்” என்று சகலை டீ கொடுத்தார். இரட்டைக் கதவுப் பெட்டி மெல்லிசாக உறுமிக்கொண்டு நின்றது. நல்ல கம்ப்ரஸர் என்று மெக்கானிக்கின் காது தன்னையறியாமல் குறித்துக்கொண்டது.

“சகலை, இந்த வருஷம் கட்ட முடியாது. போட்ட ரெண்ட எடுத்துக் குடுத்துடுங்க.”

“ரெண்டு வருஷம் முழுசாக் கட்டாம எடுத்தா ஒண்ணும் வராதே. ஏழாம் பக்கத்துல போட்டிருக்கு.”

“ஒண்ணும் வராதுன்னா?”

“ஒண்ணும் வராதுன்னா ஒண்ணும் வராது. கையெழுத்து உங்களோடதுதான?”

“அத்தான்,” என்றாள் மனைவி, “நான் அன்னைக்கே கேட்டேன்ல, நடுவுல முடியலேன்னா என்னன்னு?”

“நீ கேட்ட, நான் முடியும்னு சொன்னேன். முடியாமப் போகும்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? இன்னொரு ரெண்டு கட்டு. அப்புறம் கொஞ்சமாவது வரும்.”

மெக்கானிக் டீயைக் கீழே வைத்தார். “அந்தப் பாஸ்புக்கக் காட்டுங்க.”

“எது?”

“பையில இருக்கே, அது.”

சகலை எடுக்கவில்லை. எடுக்காவிட்டாலும் சட்டைத் துணிக்குள் அதன் விளிம்பு தெரிந்தது.

“அதுல விழற பணம் இந்தத் திட்டத்துலேந்தா வருது?”

“அது என் ஆபீஸ் பென்ஷன்ல. ஊருக்கே தெரியும். இதுலேந்து வருதுன்னு நான் எப்பச் சொன்னேன்? சொன்னேனா? நீயே சொல்லு” என்று சகலை கொழுந்தியாளிடம் கேட்டார்.

சொல்லவில்லைதான். விழுந்திருக்கா, பாருங்க என்று மட்டும்தான் சொன்னார். மெக்கானிக்குக் காது சூடாயிற்று. தன் சட்டைப் பையில் நெஞ்சுக்கு மேல் கிடந்த சின்னத் துண்டு, கல்லுக் கட்டின மாதிரி கனத்தது. வேறொரு பெட்டியில் எரிந்ததைக் காட்டித்தான் அவரும் பதினாலு வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறார். அதில் ஊறின அவருக்கே, சகலை காட்டினது வேறொரு பெட்டியினுடையது என்று தெரியவில்லை. சண்டை போட வந்தவர் எழுந்து வந்துவிட்டார். “என்னங்க, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பீங்கன்னு பாத்தா…” என்று தெரு முனைவரை மனைவி திட்டிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் ஐயாயிரத்தைக் கவரில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் மருந்துக்கடை மாடி ஏறினார்கள். ஆலோசகர் அம்மாள் பாலிசியை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தாள். படித்து முடிக்கிறவரை இருவரும் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் ரெண்டு கட்டினா மொத்தம் நாலு. அப்ப நிறுத்தினா ஒண்ணு இருபது கைக்கு வரும். அதாவது, இப்ப ரெண்டு குடுத்து ஒண்ணு இருபது வாங்குவீங்க. மேற்கொண்டு எண்பதாயிரம் நஷ்டம்.”

“கட்டலேன்னா?”

“போட்ட ரெண்டு போச்சு. போனது போகட்டும். இன்னும் கட்டாதீங்க. விட்டுடுங்க.”

“விட்டுடறதா?” என்றாள் மனைவி. “அதுக்கா இங்க வந்தோம்?”

கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆலோசகர் சிரிக்கவில்லை.

“இத வித்தவருக்கு முதல் வருஷத் தவணையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிருக்கும்” என்றாள்.

இரட்டைக் கதவு என்று மெக்கானிக் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மீதி மூன்று லட்சத்தில் ஒன்றை ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனியாக வைக்கச் சொன்னாள். இரண்டைக் கமிஷன் இல்லாத ஓய்வூதியக் கணக்கில் போட்டு, அதற்குமேல் மாதம் மூவாயிரம் விடாமல் கட்டவேண்டும், அறுபத்தைந்து வரைக்கும். “கட்டினா எவ்ளோ வரும்?” என்று கேட்டதற்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

“உள்ளதச் சொல்றேன். அன்னைக்கு விலைவாசிக்கு, மாசத்துல பத்து நாள் செலவுக்கு வரும்.”

“மீதி இருபது நாளைக்கு?” என்று மனைவி கேட்டாள்.

“அதுக்கு என்கிட்ட திட்டம் இல்லம்மா. இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா இந்த மூவாயிரம் மட்டும் நிக்கக் கூடாது. ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் கணக்குலேந்து எடுத்துக்குவாங்க.”

கவரை வாங்கி வைத்துவிட்டு, “நல்ல வேளை வந்தீங்க, அந்த ஃப்ரிட்ஜ் மறுபடியும் சரியில்ல. ரிலே போயிடுச்சா பாருங்க” என்றாள். பெருக்குகிறவர்கள் தள்ளிவிட்டிருந்தார்கள், முதுகு பழையபடி சுவரோடு ஒட்டியிருந்தது.

“ரிலே போகல மேடம்” என்றார் மெக்கானிக். “போன தடவையும் போகல.” பையிலிருந்து கருகினதை எடுத்து மேசைமேல் வைத்தார். “இது வேற பெட்டியோடது. உங்களுதச் செவுத்த விட்டு ஒரு சாண் இழுத்து வச்சேன். அவ்ளோதான் வேலை.”

அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “அப்ப ஆயிரத்து இருநூறு?”

“இழுத்து வச்சதுக்கு.”

“அத அப்படியே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்களா?”

அவள் துண்டை மேசைமேல் திரும்ப வைத்தாள். “இல்ல” என்றாள்.

மனைவி பெட்டியை இழுத்துவைத்தாள். மெக்கானிக் இடது கையால் அந்தக் கறுப்புத் துண்டை எடுத்து, மேசைக்குப் பக்கத்திலிருந்த குப்பைக் கூடையில் போட்டார். பதினாலு வருஷத்துக்கு அப்புறம் பை காலியாக இருந்தது. அவர் முன்னால் படியிறங்கினார். செருப்பு வார் அவிழ்ந்துவிட்டதாகச் சொல்லி மனைவி பின்தங்கினாள்.

அடுத்த வாரம் கைக்கட்டை அவிழ்த்தார்கள், முதல் வேலையும் வந்தது. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது என்பதால், தையலை ஒதுக்கி வைத்துவிட்டு மனைவியே கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். மூன்றாவது மாடியில், புதிதாக வெள்ளையடித்த சமையலறை. பெரிய பெட்டி, முதுகு சுவரில் பதிந்திருந்தது. பக்கவாட்டில் கையை வைத்தால் சுட்டது. இருவருமாக இழுத்தார்கள். நாலு திருகைக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் புதுசு போல இருந்தது. திருப்பி முடுக்கினார்.

“என்ன கோளாறு?” என்று வீட்டுக்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“கோளாறுன்னு…” என்று அவர் ஆரம்பித்தார். “ஃப்ரிட்ஜ் எப்படி வேலை செய்யுதுன்னா, அது உள்ள இருக்கிற சூட்ட…”

“நாள் பூரா இழுத்துட்டே இருக்காதீங்க. என்ன போச்சுன்னு சொல்லுங்க.”

அவர் வாயைத் திறந்தார். சுவரில் தொங்கின நாட்காட்டி கண்ணில் பட்டது. ஒன்றாம் தேதிக்கு நாலு நாள் இருந்தது.

“ரிலேம்மா” என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். மனைவி கருவிப் பையிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையை விரித்தாள். உருகின மூலையும் பச்சை பூத்த காலும் ஜன்னல் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தன.

“பாருங்க,” என்றாள், அவரைப் பார்க்காமல், “எப்படிக் கருகியிருக்குன்னு.”